வேகமா, மெதுவா?

வெண்டல் ப்ரூயிட் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டது அவன் அம்மாவின் துணிக்கடைப் பின்வாசலில். காலி அட்டைப்பெட்டிகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஜூன் பதிமூணு, சனிக்கிழமை, ரெண்டு மணிக்கு உனக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?" என்றான்.

"வேகமா, மெதுவா?" என்று கேட்டேன்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் அழுதிருப்பாள். எங்கள் ஊரான பெல்மோரில் யார் எந்த மணியைச் சொன்னாலும் நாக்கு தானாக அதைக் கேட்டுவிடும். அவனும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு, "வேகம்" என்றான். பிறகு என் அப்பாவின் ஞாபகம் வந்தவன்போல மிதிப்பதை நிறுத்திவிட்டான்.

அது 1964. இண்டியானாவில் அப்போதெல்லாம் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்துகொள்ளும். தள்ளி வைத்தால் வேக நேரம், தள்ளாமல் விட்டால் மெது நேரம். எங்கள் ஊரும் முடிவு செய்தது. இரண்டு முறை. ஏப்ரல் மாதம் ஊர்க்கூட்டம் ஏழு மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எந்த ஏழு என்று எழுத மறந்துவிட்டார்கள். முன்கூட்டியே கடிகாரத்தைத் தள்ளிவிட்ட கடைக்காரர்கள் வேக நேர ஏழு மணிக்கு வந்தார்கள், தள்ளி வைக்கலாம் என்று ஒருமனதாகக் கை தூக்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மெது நேர ஏழு மணிக்கு, பால் கறந்த கையோடு பண்ணைக்காரர்கள் வந்தார்கள், கடிகாரத்தைத் தொடவே கூடாது என்று ஒருமனதாகக் கை தூக்கினார்கள். எழுத்தர் இரண்டு தீர்மானங்களையும் ஒரே பக்கத்தில், ஒரே நேரமிட்டு எழுதி வைத்தார். இரண்டும் செல்லும் என்றும் சொன்னார்.

அதன்பிறகு பேங்க் வேக நேரத்தில் திறந்தது, தபாலாபீஸ் மெது நேரத்தில் திறந்தது. முடிவெட்டுகிறவர் இரண்டு பன்னிரண்டு மணிக்கும் சாப்பிடப் போனார். மதுக்கடை வேக நேரத்தில் திறந்து மெது நேரத்தில் மூடியது. அதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு வந்ததில்லை. பாஸ்டர் ஹாலிஸ் சமாதானம் செய்துவைக்க எண்ணி ஞாயிறு ஆராதனையை இரண்டுக்கும் நடுவே அரை மணியில் வைத்துப் பார்த்தார். ஊருக்கு மூன்றாவதாக ஒரு நேரம் வந்ததே தவிர, சமாதானம் வரவில்லை. கடைசியில் சர்ச் மூப்பர்கள் கூடி மணிக்கூண்டுக் கடிகாரத்தை வேக நேரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மூப்பர்களில் மூன்று பேருக்குக் கடைத்தெருவில் கடை இருந்தது.

வேக நேரக் கட்சிக்குத் தலைமை வெண்டலின் அம்மா, லூசில் ப்ரூயிட். கணவர் இறந்தபின் பதினோரு வருஷமாகத் தனியாளாகக் கடையை நடத்துகிறவர். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாக வெளிச்சம் இருந்தால் கூடுதலாக ஆறு பெண்கள் கடைக்குள் வருவார்கள் என்று சொல்வார். அந்த ஆறு பேரும் இத்தனை நாள் இருட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மெது நேரக் கட்சிக்குத் தலைமை என் அப்பா, எம்மெட் கெஸ்லர். நாற்பத்திரண்டு பசுக்கள். "மாட்டுக்கு வாட்ச் கட்டிவிட்டா அப்புறம் நானும் கட்டிக்கிறேன்" என்பது அவர் வாதம். ஆனால் பால் எடுக்க வரும் லாரி நகரத்துக் கம்பெனியுடையது, அது வேக நேரத்தில் வரும். அதனால் மாட்டின் வழக்கத்தை மாற்றக் கூடாது என்று ஊர் முழுக்கப் பேசிய அப்பா, ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து மாடுகளை எழுப்பிக் கறந்துகொண்டிருந்தார். அம்மா இதை ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் எடுத்துச் சொன்னாள். அப்பா உருளைக்கிழங்கின்மேல் குழம்பை ஊற்றியபடி, "நான் நேரத்தை மாத்தல, பெர்னிஸ். சீக்கிரம் எழுந்திருக்கேன். அவ்வளவுதான்" என்றார்.

ரொட்டிப் பெட்டிக்குள் அம்மா ஒரு சின்னக் கடிகாரம் வைத்திருந்தாள், வேக நேரத்தில். பேங்குக்கோ பல் டாக்டரிடமோ போகவேண்டிய நாளில் ரொட்டி எடுப்பதுபோல் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வாள். அப்பாவுக்கு ரொட்டிப் பெட்டி டிக் டிக் என்று சத்தம் போடுவது தெரியாமலா இருந்திருக்கும்? அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. இருபத்திநாலு வருஷக் குடித்தனம் அப்படித்தான் நடந்தது.

கல்யாணச் செய்தியை நான் சொன்னபோது அப்பா சந்தோஷப்பட்டார். வெண்டலை அவருக்குப் பிடிக்கும். ஒரு குளிர்காலத்தில் எங்கள் கன்றுக்குட்டியைப் பள்ளத்திலிருந்து தூக்கக் கடைச் சட்டையோடு இறங்கியவன். ஆனால் இரண்டு மணி என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு மணி என்றுதானே சொல்ல வேண்டும் என்றார். சர்ச் கடிகாரத்தில் அது இரண்டு என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தீவனக் கடையில் அத்தனை பேர் முன்னால் தான் சொன்ன வார்த்தையை எனக்கு நிதானமாக ஞாபகப்படுத்தினார். பொய் சொல்லுகிற மணிக்கூண்டுக்குக் கீழே நிற்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்ன நாளிலிருந்து இரண்டு வாரமாகச் சர்ச்சுக்கே போகவில்லை.

"அது ஞாயித்துக்கிழமைக்கு அப்பா. இது என் கல்யாணம்."

"சனிக்கிழமை மட்டும் அந்த மணி உண்மை சொல்லுமா?" என்றார்.

என் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக அப்பா வருவாரா மாட்டாரா என்பதுதான் கல்யாண நாள்வரை எனக்கிருந்த ஒரே கவலை. உடுப்பு, கேக், பூ எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சின்ன வயதில் பனியில் பள்ளிப் பேருந்துவரை என் கையைப் பிடித்து நடந்தவர் அவர். அவர் ஓரடி வைத்தால் நான் மூன்றடி வைப்பேன். அந்தக் கை இல்லாமல் சர்ச் நடையில் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெண்டலும் நானும் யோசித்து இரண்டு விதமாக அழைப்பிதழ் அச்சடித்தோம். அவர்கள் பக்கத்துக்கு 'பிற்பகல் இரண்டு மணி, வேக நேரம்.' எங்கள் பக்கத்துக்கு 'பிற்பகல் ஒரு மணி, மெது நேரம்.' இரண்டும் ஒரே நிமிஷம்தான். அச்சகத்துக்காரர் சிரிக்கக்கூட இல்லை. அந்த வருஷம் அவர் இறுதிச் சடங்குக்கும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

மிஸஸ் ப்ரூயிட் தன் அட்டையை வாங்கிப் பார்த்து, "உங்கப்பாவுக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் இருக்குதா, டோரீன்?" என்று என்னிடம் கேட்டார். அப்பா தன் அட்டையைப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு அம்மாவும் நானும் ஊருக்குள் இருக்கும் ஐடா அத்தை வீட்டுக்குப் போய்விட்டோம். மணப்பெண் அங்கிருந்து கிளம்புவது வசதி. அப்பா பால் வேலையை முடித்துவிட்டு நேராகச் சர்ச்சுக்கு வர வேண்டும். வந்தால்.

சனிக்கிழமை சர்ச் வாசலில் நாங்கள் இறங்கியபோது உள்ளே நிறைந்திருந்தது. நடைக்கு இடது பக்கம் வேக நேரம், வலது பக்கம் மெது நேரம். அப்பாவின் டிரக் எங்கும் இல்லை.

முன்னறையில் நின்றுகொண்டேன். தலைக்கு மேலே மணி அடித்தது. ஒன்று. இரண்டு.

அப்பா வரவில்லை.

எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், ஆனால் அவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள். இடது பக்கத்து முதல் வரிசையில் மிஸஸ் ப்ரூயிட்டின் இடமும் காலியாக இருந்தது. எம்மெட் அவரைப் பாதி வழியில் மறித்திருப்பார் என்று இடது பக்கம் பேசிக்கொண்டது. அந்த அம்மாள்தான் எம்மெட்டை வழி மறித்திருப்பாள் என்று வலது பக்கம் பேசிக்கொண்டது. ஆர்கன் வாசிக்கும் பெண்மணி தனக்குத் தெரிந்த மூன்று பாட்டையும் வாசித்துவிட்டு முதல் பாட்டுக்குத் திரும்பினார். பாஸ்டர் ஹாலிஸ் என்னிடம் வந்து, பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு வரலாமே என்று மெல்லக் கேட்டார்.

"அப்பா வராம நான் நடக்க மாட்டேன்" என்றேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா காத்திருக்கிறது?"

அம்மா என் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "இந்த ஊர்ல நேரமா இல்ல, பாஸ்டர்? ஒண்ணுக்கு ரெண்டா இருக்கே."

வெண்டல் பக்கவாசல் வழியே ஓடிவந்தான். தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். என் கண்ணில் என்ன தெரிந்ததோ, "உங்கப்பாவையும்" என்று சேர்த்துக்கொண்டு காரை எடுத்தான்.

நடந்தது என்ன என்பதை வெண்டல் அன்று மாலை எனக்குச் சொன்னான். மீதியை என் மாமியார் என் மூத்தவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் சொன்னார். அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

அன்று காலை கறவை முடிந்ததும், தொழுவத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்பா தன் பாக்கெட் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். ஏப்ரலிலிருந்து பிடித்த பிடிவாதத்தைப் பெண்ணுக்காக ஒரு நாள் கழற்றி வைத்தார். ஆனால் பையில் இருந்த அட்டையின் மணியை அவர் மாற்றிக் கணக்குப் போடவில்லை. அட்டையில் ஒரு மணி. கடிகாரம் ஒன்று காட்டியபோது சர்ச் வாசலில் நின்றார். தலைக்கு மேலே மணியும் ஒன்று அடித்தது. ஒரு ஈ காக்காய் இல்லை. பாஸ்டர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா டிரக்கில் உட்கார்ந்து இருபது நிமிஷம் காத்திருந்தார். தன்னால்தான் கல்யாணம் நின்றுவிட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டார். வேறு யாராவது என்றால் ஐடா அத்தை வீட்டுக்கு வந்து கேட்டிருப்பார். என் அப்பா, யாரிடம் கேட்டால் சண்டை போடலாமோ அங்கே போனார்.

மிஸஸ் ப்ரூயிட்டின் சமையலறைக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளே ஏதோ இரைந்தது. திறந்து பார்த்தால், வேக நேரக் கட்சியின் தலைவி தலை நிறையச் சுருள்களோடு, முடி உலர்த்தும் இயந்திரத்தின் உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நிதானமாக நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். இயந்திரம் போட்ட சத்தத்தில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கல்யாணம் ஏன் நின்னுபோச்சு?"

"யார் நிறுத்தினது? இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கே."

"மணி ஒன்றரை ஆச்சு, மிஸஸ் ப்ரூயிட்."

"பன்னெண்டரை, மிஸ்டர் கெஸ்லர்."

அப்பா கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மிஸஸ் ப்ரூயிட் தன் வாட்சைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அப்பாவுடையது ஒன்றரை காட்டியது. அவருடையது பன்னிரண்டரை காட்டியது.

"இது என் நேரமாச்சே" என்றார் அப்பா, அந்தச் சின்ன வாட்சைப் பார்த்து.

"உங்க கடிகாரத்துல இருக்கிறது என்னுடையது" என்றார் அவர்.

அவரும் அன்று காலை யாருக்கும் தெரியாமல் வாட்சைப் பின்னால் தள்ளியிருக்கிறார். சம்பந்தியாகப் போகிறவர், ஒரு நாளாவது விட்டுக்கொடுப்போம் என்று. அட்டையில் இருந்த இரண்டு மணி மட்டும் மனதில் அப்படியே நின்றுவிட்டது. எம்மெட் கெஸ்லர் ஒரு மணி முன்னதாக வந்ததும், லூசில் ப்ரூயிட் ஒரு மணி தாமதமாக வரவிருந்ததும் இதனால்தான்.

கணக்குப் புரிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் கடிகாரத்தைத் திரும்ப மாற்றிக்கொண்டு கிளம்பியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் அப்பா, ஒருமுறை விட்டுக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது மரியாதை இல்லை, இன்று முழுவதும் உங்கள் நேரம்தான் என்றார். மிஸஸ் ப்ரூயிட், அது எப்படி, இன்று உங்கள் நேரப்படிதான் நான் படியேறுவேன் என்றார். இரண்டு மாதம் தன் நேரத்துக்காகச் சண்டை போட்டவர்கள் இப்போது அடுத்தவர் நேரத்துக்காகச் சண்டை போட்டார்கள். சாயங்கால வெளிச்சம் இருந்தால் வைக்கோலை இன்னும் கொஞ்ச நேரம் கட்டலாம் என்று அப்பா வாதாடினாராம். காலையில் இருட்டோடு பள்ளிக்குப் போகும் குழந்தைகளைப் பற்றி மிஸஸ் ப்ரூயிட் கண்கலங்கப் பேசினாராம். நடுவில் அப்பா விடிகாலை மூன்று மணியிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும், பன்றித்தொடை இறைச்சியை நறுக்கி ரொட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். சர்க்கரையும் பாலேடும் சேர்த்துச் சுட்ட பலகாரமும் எடுத்து வைத்தார். அப்பா இரண்டாவது துண்டு கேட்டிருக்கிறார். இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. சர்ச் மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. ஏப்ரலிலிருந்து மணியைத் தவிர வேறு பேசாதவர்கள், மேஜையில் இரண்டு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மணியைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

வெண்டல் உள்ளே நுழைந்து சுவரிலிருந்த செருகியைப் பிடுங்கினான். இயந்திரம் ஓய்ந்தது.

"ஊரே சர்ச்சுல உக்காந்திருக்கு" என்றான். "டோரீன் நின்னுகிட்டிருக்கா."

அப்பா எழுந்தாராம். மீசையில் பாலேடு ஒட்டியிருந்தது. "நான் வரமாட்டேன்னு நெனச்சுட்டாளா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு வாட்ச் எந்த நேரம் காட்டினால் என்ன என்று யாரும் பேசவில்லை. சுருள்களை டிரக்கில் போகும்போதே மிஸஸ் ப்ரூயிட் பிடுங்கினார். அவர் பிடுங்கப் பிடுங்க அப்பா அவற்றைத் தன் தொப்பியில் வாங்கிக்கொண்டார். திருப்பத்தில் வண்டி நின்றபோது மட்டும் மிஸஸ் ப்ரூயிட், கடிகாரம் விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டாமே என்றார். எந்த நேரம் என்பதற்குச் செவ்வாய்க்கிழமை மறு ஓட்டெடுப்பு இருந்தது. அப்பாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இருவரும் வழக்கம்போல எதிரெதிரே நின்று ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். ஓட்டெடுக்கும் வேளையில் பண்ணைக்காரர்கள் மாடு கறக்கப் போயிருந்தார்கள், கடைக்காரர்கள் கடை மூடப் போயிருந்தார்கள். ஆள் போதவில்லை என்று எழுத்தர் எழுதினார். இலையுதிர்காலத்தில் வேக நேரக்காரர்கள் கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் தள்ளியதும் ஊர் ஒன்றானது. இரு கட்சியும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன.

ஆனால் சர்ச் முன்னறையில் நின்ற எனக்கு இது எதுவும் தெரியாது. டிரக் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். மிஸஸ் ப்ரூயிட் தலைமுடி பாதி அலையாகவும் பாதி கம்பிபோல் நேராகவும் நிற்க உள்ளே ஓடினார். இடது பக்கம் மூச்சை இழுத்தது. அம்மா வாசலுக்குப் போய் அப்பாவின் மீசையைக் கைக்குட்டையால் துடைத்தாள், என்ன பலகாரம் என்று முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தன் இடத்துக்குப் போனாள்.

அப்பா வாசற்படியில் ஒரு காலை வைத்தார். அப்போது தலைக்கு மேலே மணிக்கூண்டு இரைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மணி ஒருமுறை அடித்து நின்றது. வேக நேரம் இரண்டரை. எங்கள் சர்ச் கடிகாரம் அரை மணிக்கு ஒன்றுதான் அடிக்கும்.

அப்பா அண்ணாந்து பார்த்தார். வலது பக்கத்து வரிசைகளில் தீவனக் கடை நண்பர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுதானே அடிச்சுது?" என்று உரக்கக் கேட்டார்.

"ஒண்ணுதான்பா" என்றேன்.

"அப்ப சரி" என்று உள்ளே வந்துவிட்டார்.

என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பால் வேலை செய்து தடித்த விரல். காலையிலிருந்து அவர் பையில் இருந்த அழைப்பிதழின் மூலை மடங்கிப் போயிருப்பது தெரிந்தது. நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்கன் தொடங்கியது, நடையின் மறுமுனையில் வெண்டல் மூச்சு வாங்கியபடி, கழுத்துப் பட்டி கோணலாக நின்றான். அவ்வளவு தூரமும் நடந்து முடித்தால் அப்பா என் கையை விட்டுவிட வேண்டும்.

அவர் என் பக்கம் குனிந்தார். "எப்படிப் போகலாம் கண்ணு? வேகமா, மெதுவா?"

"மெதுவா அப்பா" என்றேன்.

இடது பக்கத்திலிருந்து யாரும் ஆட்சேபிக்கவில்லை.